பழைய நாணயத்தில் எழுத்து இரட்டையாகத் தெரிவது ஏன்?

காசு அடிக்கும் அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்திருந்தால் அதை இரட்டை அச்சுப் பிழை என்பார்கள். முன்பெல்லாம் அச்சு ஒரே அழுத்தலில் முழுதாகப் பதியாது. மூல அச்சை, காசு அடிக்கும் அச்சாகப் போகும் உருக்குத் துண்டில் அழுத்தி, இறுகிப்போன உருக்கைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, மறுபடி அழுத்துவார்கள். அப்போது இம்மி திரும்பினாலும் போச்சு. ரப்பர் ஸ்டாம்பைச் சற்றுத் தள்ளி இரண்டாம் முறை குத்தியதுபோல ஆகிவிடும். அந்த அச்சில் அடித்த காசெல்லாம் ஒரே மாதிரிதான் இரட்டிக்கும். 1955 அமெரிக்க ஒரு சென்ட் காசுகள் சிலவற்றில் ஆண்டு எண் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும்.

இரட்டையாகத் தெரிவதெல்லாம் அபூர்வக் காசு அல்ல: அடிக்கும்போது தளர்ந்த அச்சு நகர்ந்தாலும் இரட்டையாகத் தெரியும், ஆனால் அதில் எழுத்தோரம் நசுங்கித் தட்டையான படிபோல் நிற்கும், உண்மையான இரட்டிப்பில் இரண்டு உருவும் மேடாக உருண்டிருக்கும், எழுத்து முனைகள் பிளந்திருக்கும்.