தொடக்கச் சம்பளம் ஏறியும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஏன் விலகுகிறார்கள்?

ஏணியின் அடிப்படியை மட்டும் உயர்த்திவிட்டு மேற்படிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அமெரிக்க மாநிலமான அர்கன்சாவில் ஆசிரியர்களின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 50,000 டாலர் ஆன பிறகும் உங்கள் பள்ளி மாவட்டத்தில் பத்தாண்டு அனுபவமுள்ள ஆசிரியர்கள் விலகுவதற்கு, என் கணிப்பில், முதல் காரணம் இதுதான்.

2023இல் வந்த லேர்ன்ஸ் (LEARNS) என்ற மாநிலக் கல்விச் சட்டம் அந்தக் குறைந்தபட்சத்தை 36,000 டாலரிலிருந்து ஏற்றியது. புதிதாகச் சேர்பவருக்கு ஒரே தாவலில் 14,000 டாலர் வரை லாபம். ஏற்கெனவே 52,000 வாங்கிக்கொண்டிருந்தவருக்கு உறுதி செய்யப்பட்டதோ 2,000தான். அனுபவத்துக்கும் முதுகலைப் பட்டத்துக்கும் படிப்படியாக உயர்த்தித் தர வேண்டும் என்ற மாநிலக் கட்டாயமும் போயிற்று. நேற்றுச் சேர்ந்தவரும் நானும் ஏறக்குறைய ஒரே சம்பளமா என்று பக்கத்து வகுப்பறையைப் பார்த்து ஒருவர் கேட்டால், என்ன பதில் சொல்வது?

ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பள்ளி மாவட்டத்தின் சம்பள அட்டவணையில் அனுபவமே இல்லாத இளங்கலைப் பட்டதாரியின் வரியையும், பத்தாண்டு அனுபவமுள்ள முதுகலைப் பட்டதாரியின் வரியையும் எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இரண்டு, மூன்றாயிரத்துக்குள் இருந்தால் விடை கையில் இருக்கிறது. எல்லை தாண்டியுள்ள மாவட்டங்களின் அட்டவணையையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆனால் விலகியவர்கள் எல்லோரும் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள் என்றால் சம்பளத்தை விட்டுவிட்டுத் தலைமையாசிரியரைக் கவனியுங்கள். பணிநீக்கத்துக்கு எதிராக இருந்த பழைய பாதுகாப்புச் சட்டத்தையும் இதே லேர்ன்ஸ் சட்டம் நீக்கியது; சிலருக்கு அந்தப் பயமே பெரிதாக இருக்கலாம்.