ஹெட்ஃபோனும் மூக்குக்கண்ணாடியும்

அன்புள்ள ஐயா,

வீட்டில் ஒலிப்புத்தகங்கள் பதிவுசெய்கிறேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் காது மூடிய வகை மானிட்டர் ஹெட்ஃபோன் வாங்க வேண்டும். சோனி எம்டிஆர் 7506, ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ ஆகியவற்றின் அதிர்வெண் வரைபடங்களை மூன்று மாதங்களாக ஒப்பிட்டுவருகிறேன். எதில் பாஸ் (தாழ்ந்த ஒலி) உண்மையாக இருக்கும்? இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் எதிர்ப்பு) பற்றியும் சொல்லுங்கள். கண்ணாடி அணிபவன் என்பதால் வலிக்காததாகவும் இருக்க வேண்டும்.

கே.

அன்புள்ள கே.,

வலி என்று போகிற போக்கில் கடைசி வரியில் எழுதினீர்களே, அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் நான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் மெல்லிய கம்பிச் சட்டத்தை விட்டுத் தடித்த பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாறினேன்; பல ஆண்டுகள் பழகிய ஹெட்ஃபோனின் குரலே வேறாகிவிட்டது.

மூடிய ஹெட்ஃபோனில், காதைச் சுற்றி அடைபட்ட சிறிதளவு காற்றை அழுத்தித்தான் தாழ்ந்த ஒலிகள் உங்களை வந்தடைகின்றன. கண்ணாடிச் சட்டம் ஹெட்ஃபோனின் காது மெத்தையைத் தூக்கிப்பிடிக்கும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி விழுந்தாலும் அந்த அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடுகிறது; உயர்ந்த ஒலிகள் பெரிதாகக் குறைவதில்லை என்பதால் ஏதோ போய்விட்டது என்று காதுக்குத் தோன்றுவதுமில்லை. மூன்று மாதங்கள் நீங்கள் கண்விழித்துப் பார்த்த வரைபடங்கள் அளவெடுக்கும் பொம்மைத் தலையில் எடுக்கப்பட்டவை. அந்தத் தலைக்குக் கிட்டப்பார்வை கிடையாது, ஐயா! வரைபடத்தில் இரண்டு டெசிபல் வேறுபாட்டுக்காகத் தூக்கம் கெட்ட நீங்கள், அதைவிடப் பன்மடங்கு பாஸை உங்கள் காதோரத்திலேயே பறிகொடுப்பீர்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. முதியவர் ஒருவரின் கதைசொல்லலைப் பதிவுசெய்து, இரவெல்லாம் கண்ணாடியோடு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சரிசெய்தேன். குரலில் கனம் போதவில்லை என்று கீழ்ப்பகுதியைக் கூட்டினேன், பிறகும் கூட்டினேன். மறுநாள் அவர் வீட்டு ஒலிபெருக்கியில் போட்டபோது, அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் ஒலித்தது. அவர் கோபிக்கவில்லை, "என் குரல் இப்படித்தான் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் கூச்சம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இம்பிடன்ஸை விடுங்கள், நீங்கள் சொல்லும் மூன்றும் 35 முதல் 64 ஓமுக்குள் அடங்குபவை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் உங்கள் இன்டர்ஃபேஸே அவற்றை இயக்கப் போதும். சோனி 1991 முதல் பதிவுக்கூடங்களில் உழைக்கிறது; ஆனால் அதன் மெத்தைத் தோல் வியர்வையில் உரிந்து காதோரம் கறுப்புத் தூளாக ஒட்டும், வயரையும் கழற்ற முடியாது. எம்40எக்ஸில் வயர் கழலும். எச்டி 280 இறுக்கமாகப் பிடிக்கும். வெளிச்சத்தம் குறையும், வாசிக்கும்போது மைக்குக்குள் ஒலி கசிவதும் குறையும், ஆனால் உங்கள் கண்ணாடியை நெற்றிப்பொட்டில் அழுத்தும். என் சாய்வு எம்40எக்ஸ் பக்கம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

அன்றாடம் அணியும் கண்ணாடியோடு கடைக்குப் போங்கள். நன்கு பழகிய மிருதங்கப் பதிவொன்றை ஓடவிட்டு, தொப்பியின் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தின்) ஒலியைக் கவனித்தபடி இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். தொப்பி சட்டென்று பருத்தால் காற்று கசிகிறது. அடுத்ததை மாட்டிப் பாருங்கள். மூன்றிலும் பருத்தால், ஹெட்ஃபோன் காசில் கொஞ்சம் எடுத்து மெல்லிய கம்பிச் சட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.