பயிற்சிக்குப் பிறகும் கம்ப்ரசர் மின்செலவு குறையவில்லையா?

வணக்கம். ஊழியர்களுக்குச் சுற்றுச்சூழல் பயிற்சி கொடுத்தும், இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரசரின் மின்செலவு அப்படியே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். விழிப்புணர்வு வகுப்பு மட்டும் போதாது, குழாய்களில் காற்று எவ்வளவு கசிந்து வீணாகிறது என்று அவர்களுக்கு அளக்கத் தெரிய வேண்டும்.

உற்பத்தி இல்லாத நேரத்தில் காற்றைப் பயன்படுத்தும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, குழாய் வால்வுகளைத் திறந்தே வைத்து, கம்ப்ரசரை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். லோடு (காற்றை அழுத்தும் நேரம்), அன்லோடு (அழுத்தாமல் இருக்கும் நேரம்) நொடிகளை ஐந்தாறு சுற்றுக்குக் குறிக்கட்டும். லோடு 30, அன்லோடு 90 என்றால், மொத்தம் 120-இல் 30, அதாவது கசிவு 25%. அதை 10%-க்குள் கொண்டுவர வேண்டும். (வேகம் மாறும் கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழி விடும். பெரும்பாலும் சறுக்குவது இதற்குப் பிறகுதான்: கண்டுபிடித்தவரிடம் மாற்று வாஷரும் இருக்காது, சரிசெய்ய அனுமதியும் இருக்காது. தயவுசெய்து இரண்டையும் அவருக்கே கொடுங்கள். அடைத்த பின் அதே சோதனையை மாதந்தோறும் செய்யுங்கள்.