அந்த முப்பது வீடுகளுக்கு யார் தபால்காரர்?

அன்புள்ள அம்மா,

எனக்கு 24 வயது. பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்குத் தேர்வாகி, வெளிமாவட்டத்துக் கிராமம் ஒன்றின் கிளை அஞ்சலகத்தில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. துணைக்கு அம்மா வந்து என்னோடு வாடகை வீட்டில் இருக்கிறார். ‘அரசு வேலை’ என்று அப்பா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். நான்கு மணி நேர வேலை என்பது பேருக்குத்தான். சைக்கிள் மிதித்து வீடு திரும்ப மூன்று மணியாகிவிடுகிறது. தோட்டத்து வீடுகள் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. அங்கெல்லாம் நாய்கள் துரத்துகின்றன. கையில் கொடுத்திருக்கும் கருவிக்குச் சிக்னல் கிடைப்பதில்லை. கணக்குத் திற, காப்பீடு பிடி என்று மேலிருந்து இலக்கு வேறு. போஸ்ட் மாஸ்டர் நல்லவர், எல்லாம் சொல்லித் தந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முப்பது வீடுகளுக்கு மட்டும் ஏ.டி.எம். கார்டானாலும் ஆதாரானாலும் டீக்கடையில் கொடுத்து வைத்துவிடுகிறேன். முன்பு இருந்தவரும் அப்படித்தான் செய்தாராம். அம்மாவும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்கிறார். அதனால் அந்த ஒரு சுற்று மிச்சம். இருந்தும் முடியவில்லை. இந்த வேலையில் தொடர்வதா, விட்டுவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிப்பதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மகளே,

வெயிலுக்கும் நாய்க்கும் நான் ஆறுதல் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். சொல்லப்போவதில்லை. புது வேலையில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. கால்வலியும் தனிமையும் எல்லாவற்றிலும் இருக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தாமாகவே அடங்கிவிடும். உன் கடிதத்தில் புகார் பட்டியலுக்கு நடுவே, புகாராக இல்லாமல், ஒரு சௌகரியமாக ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறாய். எனக்கு உறுத்துவது அதுதான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஏன் போவதில்லை? தூரம் என்று நீயே சொல்லவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு நாய்க்குப் பயந்துகொண்டே போய்க் கொடுக்கிறாய். ஓடையைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? ஆபத்து என்கிறாயா? ஆள் நடமாட்டமில்லாத தோட்டத்துப் பாதையில் நீ தனியாகப் போவதற்கு உன் அம்மா தடை சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. முப்பது வீடும் மனிதர்களும் இருக்கிற தெருவுக்குத்தான் தடை சொல்கிறார். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் அது புரியும். உனக்கும் புரிந்திருக்கிறது. அதனால்தான் காரணம் எழுதாமல் விட்டாய்.

அந்த டீக்கடையை நாளைக்கு ஒரு பத்து நிமிடம் நின்று பார். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தபால் இருக்கிறதா என்று கேட்க வருவார். அவர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறாரா, வெளியே மண்ணில் நின்று கேட்கிறாரா? கடைக்காரர் அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார்? பாய்லருக்குப் பக்கத்தில் கிடக்கிற கட்டிலிருந்து அவர் பேருக்கு வந்த உறையை எடுத்துக் கொடுக்கும் முன் எத்தனை பேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார்கள்? அவர் மகனுக்கு எந்த வங்கி கடன் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது, பேத்திக்கு எந்தக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். தோட்டத்து வீட்டுக்காரரின் வங்கிக் கடிதத்தை இப்படி டீக்கடையில் போட்டுவிட்டு வர உனக்குத் துணிச்சல் உண்டா?

நீ பட்டதாரி, உன் வேலையின் விதிகளை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. ஏ.டி.எம். கார்டு விரைவுத் தபாலில் வருகிறது. அதைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். டீக்கடையில் வைத்த கார்டுக்கு யார் கையெழுத்துப் போட்டார்? உன் கருவியில் ‘பட்டுவாடா ஆனது’ என்று நீ பதிந்திருந்தால் நடக்காத ஒன்றை நடந்ததாக அரசுக் கணக்கில் எழுதியிருக்கிறாய். அந்தக் கார்டு தவறான கையில் சிக்கி ஒரு விதவையின் பணம் போனால், முதலில் தேடப்படுவது உன் பெயர். போஸ்ட் மாஸ்டரும் உனக்கு முன்பு இருந்தவரும் அப்போது துணைக்கு வரமாட்டார்கள். ஆதார் கடிதம் சாதாரணத் தபாலில் வந்தால் நிலைமை இன்னும் மோசம். அதற்குக் கையெழுத்தே கிடையாது. தொலைந்தால் தொலைந்ததுதான்.

நோட்டீஸ் விஷயம் தெரியுமா? சரியான முகவரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்றே நம் சட்டம் எடுத்துக்கொள்கிறது. சேரவில்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழும். 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. ஆனால் அந்த உறைக்குள் இருக்கும் கெடு மாறவில்லை. டீக்கடையில் பத்து நாள் கிடந்த உறையால் ஒருவர் நிலத்தை இழக்கலாம், கிடைத்த வேலையைக்கூட இழக்கலாம். அவர் கோர்ட்டில் போய், ‘எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வருவதில்லை’ என்று சொன்னால், வந்து கொடுத்ததாக உன் பதிவு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

பின்கோடு 1972இல் வந்தது. முதல் இலக்கம் மண்டலம், கடைசி மூன்று இலக்கம் பட்டுவாடா அஞ்சலகம். அந்த ஆறு இலக்கங்கள் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரு தபாலை உன் ஊர் வரைக்கும் கொண்டுவந்து விடுகின்றன. அதற்கு மேல் வழிகாட்ட அதில் இலக்கம் கிடையாது. வீட்டு வாசல் வரை கொண்டுபோகத்தான் உன்னை வைத்திருக்கிறார்கள். எழுதியவர், ஊர்வாரியாகப் பிரித்தவர், ரயிலில் ஏற்றியவர் யாரும் சாதி பார்க்காமல் வந்து சேர்ந்த உறை, உன் கைக்கு வந்ததும் நின்றுபோகிறது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல். உன் அம்மாவே அதற்குப் பிறகு பிறந்தவராகத்தான் இருப்பார்.

அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். தாய் பேச்சைக் கேள் என்று இந்தப் பக்கத்தில் பல பெண்களுக்கு நான் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். மகளுக்காகச் சொந்த வீட்டை விட்டு வந்து தெரியாத ஊரில் சமைத்துப் போட்டுக்கொண்டு இருக்கும் தாயைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. அவருடைய பயம் வீட்டுக்காரரைப் பற்றியதாக இருக்கலாம். ‘அந்தத் தெருவுக்குப் போய் வருகிற பெண்ணுக்கு வீடு கிடையாது’ என்று சொல்லிவிடுவாரோ என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெற்றவர்களுக்குப் பிள்ளை அடங்கி நடப்பது வீட்டு விஷயத்தில். யாருடைய தபாலை யாரிடம் சேர்ப்பது என்பதில் அம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்ல உரிமை இல்லை. இதை நீ அவரிடம் மரியாதையாக, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஒளித்துச் செய்யாதே. தாய்க்குத் தெரியாமல் ஒரு நல்ல காரியத்தைச் செய்கிற பிள்ளையும் அவரைச் சிறுமைப்படுத்துகிற பிள்ளைதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பை இல்லாமல் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போ. வீடு வீடாக நின்று குடும்பத்தலைவர் பெயர், கூட இருப்பவர்கள் பெயர், எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கும் என்று நோட்டில் எழுதிக்கொள். வேலைக்குப் போகிற வீடுகளில் பகலில் யாரும் இருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டில் கொடுக்கலாமா என்று அவர்களையே கேள். அவர்கள் சொல்கிறபடி செய், நீயாக முடிவெடுக்காதே. தண்ணீர் கொடுத்தால் இருவரும் வாங்கிக் குடியுங்கள். அம்மா குடிக்கத் தயங்கினால் நீ முதலில் குடி.

திங்கள்கிழமை காலையில் டீக்கடையில் கிடக்கும் தபால்களை முழுவதும் திரும்ப வாங்கிவிடு. ஒவ்வொன்றும் எப்போது வந்தது என்று அஞ்சலக முத்திரையில் பார்த்து, திங்கள்கிழமையே கொண்டுபோய்க் கொடு. நடந்ததைப் போஸ்ட் மாஸ்டரிடம் நீயே சொல், பதிந்த பதிவுகளையும் மறைக்காமல் சொல். அவர் உனக்கு நல்லவராக இருக்கலாம். அந்த முப்பது வீட்டாரிடம் கேட்டால் வேறு பதில் வரும். ‘வழக்கத்தை மாற்றாதே’ என்று அவர் சொன்னால், அப்படியே ஓர் உத்தரவாக எழுதித் தரும்படி பணிவோடு கேள். எழுதித் தரமாட்டார். பிறகும் தடுத்தால் உட்கோட்ட அஞ்சல் ஆய்வாளருக்கு எழுது. இப்படி எழுதுவதைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்துக் கூசாதே. வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்து எழுது. வேறு வீடு பார்ப்பது சிரமம்தான். அந்தச் சிரமத்தை நீ படத்தான் வேண்டும்.

இலக்கு தொல்லை என்றாயே, அதையும் யோசித்துப் பார். 2018இல் நாடு முழுவதும் வந்த அஞ்சலக வங்கி மூலம் வீட்டு வாசலிலேயே விரல் ரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் வசதி உன் போன்ற ஊழியர்கள் கையில் இருக்கிறது. உதவித்தொகை வாங்கும் பாட்டி டவுனுக்குப் பஸ் ஏறாமல் திண்ணையில் உட்கார்ந்தே வாங்கலாம். பத்து வயது நிரம்பாத பெண் குழந்தைக்கு 250 ரூபாயில் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். இது அந்த முப்பது வீட்டில் யாருக்காவது தெரியுமா? நீ போய்ச் சொன்னால்தானே தெரியும்? இலக்கு என்று அலுத்துக்கொள்கிற நீ, ஒரு தெரு முழுவதையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சம்பளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீ வாங்குவது முழு அரசு ஊழியரின் சம்பளம் அல்ல. நான்கு மணி நேரத்துக்கு அடிப்படை 10,000 ரூபாயும் அகவிலைப்படியும்தான். வேறு பிழைப்பும் உள்ளவர்கள் செய்யும் வேலை என்று நினைத்துத்தான் இதை அமைத்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் உள்ளபடி சொல். அவர் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்லிக்கொள்வது என்பது அவர் பாடு. இலாகா தேர்வு எழுதி நிரந்தர ஊழியராகிற வழி உனக்கு உண்டு, அதற்குப் படி. வெளித் தேர்வும் எழுது, நான் தடுக்கவில்லை. ஆனால் நாளைக்கே தேறி கிராம நிர்வாக அலுவலராகப் போனாலும், அந்த ஊரிலும் ஓர் ஓடை இருக்கும். அங்கும் ஒருவர் வந்து முன்பு இருந்தவர் இப்படித்தான் செய்தார் என்பார்.

வேலையில் தொடர்வதா, விடுவதா என்று கேட்டிருக்கிறாய். நீ அந்த ஊரின் பட்டுவாடாவை இன்னும் ஒரு நாள்கூட முழுதாகச் செய்யவில்லை. ஓடையின் இரண்டு பக்கமும் ஒரு மாதம் போய் வா. அதன் பிறகும் விடத்தான் தோன்றினால் எனக்கு எழுது, அப்போது அதைப் பேசுவோம்.