19 வயசுக்குள்ள 15 பேர்: உலகக் கோப்பை அணித் தேர்வு பற்றி கேள்வி பதில்

பெண்கள் அண்டர் 19 டி20 உலகக் கோப்பைக்கு அணியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வடசென்னைப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு, பெரம்பூர் பக்கம் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் அக்காவின் பதில்கள்.

தண்டையார்பேட்டை, ஒரு அம்மா: என் பொண்ணு 2006 டிசம்பர்ல பொறந்தா. அடுத்த உலகக் கோப்பை ஆட முடியுமா மேடம்?

முடியாதும்மா. மேட்ச் அன்னைக்கு என்ன வயசுன்னு போட்டி நடத்துறவங்க பார்க்கறதில்ல. போட்டி ஜனவரின்னா, அதுக்கு முந்தின செப்டம்பர் 1-ஐ வச்சுத்தான் கணக்கு. அதனாலதான் 2003 செப்டம்பர் 28-ல பொறந்த இந்திய வீராங்கனை ரிச்சா கோஷ், 19 முடிஞ்ச பிறகும் 2023 ஜனவரியில தென்னாப்பிரிக்காவுல ஆடுனாங்க. அப்போ கேப்டனா இருந்த ஷஃபாலி வர்மாவுக்கு ஃபைனலுக்கு முந்தின நாள்தான் 19 முடிஞ்சுது.

இது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற போட்டி. 2023, 2025 முடிஞ்சாச்சு, அடுத்தது 2027, வங்கதேசமும் நேபாளமும் நடத்துறாங்க. அதே கணக்கை வச்சா 2007 செப்டம்பர் 1 இல்ல அதுக்கு அப்புறம் பொறந்திருக்கணும். எந்த வருஷம் பொறந்தோம்ங்கறது பாதி அதிர்ஷ்டம். உங்க பொண்ணுக்கு அண்டர் 23, அதுக்கு மேல சீனியர் ஸ்டேட் டீம் இருக்கு. அங்க கவனம் வைங்க.

கொருக்குப்பேட்டை, ப்ளஸ் ஒன் மாணவி: நல்லா பேட்டிங் பண்ணா எடுத்துடுவாங்களா அக்கா?

நல்லா பேட்டிங் பண்றவங்க ஒவ்வொரு மாநிலத்துலயும் பத்துப் பேர் இருக்காங்கம்மா. இந்த அணியில உனக்கு என்ன வேலைங்கறதுதான் கேள்வி. 2025-ல மலேசியாவுக்குப் போன 15 பேரைப் பாரு. நிக்கி பிரசாத் கேப்டன், சானிகா சால்கே துணைக் கேப்டன். விக்கெட் கீப்பர் ரெண்டு பேர், கமலினியும் பாவிகா அஹிரேயும். அப்புறம் இடது கை ஸ்பின்னர் மட்டும் நாலு பேர்: வைஷ்ணவி சர்மா, ஆயுஷி சுக்லா, பருணிகா சிசோடியா, சோனம் யாதவ். ஒரே மாதிரி பந்து போடறவங்க எதுக்கு நாலு பேருன்னு அப்பவே நிறைய பேர் கேட்டாங்க. அங்க பிட்ச் மெதுவா இருக்கும், பந்து நின்னு வரும். வைஷ்ணவி 17 விக்கெட், ஆயுஷி 14, பருணிகா 10. மலேசியாவுக்கு எதிரா வைஷ்ணவி ஹாட்ரிக் எடுத்து, 5 ரன்னுக்கு 5 விக்கெட். ஃபைனல்ல தென்னாப்பிரிக்கா 82-க்கு ஆல் அவுட்.

ஆனா 2023 ஃபைனல் தென்னாப்பிரிக்காவுல பொச்சஃப்ஸ்ட்ரூம்ல நடந்தப்போ, புதுப் பந்தை எடுத்த வேகப்பந்து வீச்சாளர் டைட்டாஸ் சாது 6 ரன்னுக்கு 2 விக்கெட், ஆட்ட நாயகி. இங்கிலாந்து 68-க்கு சுருண்டுச்சு. எந்த ஊர்ல ஆடறோம்ங்கறதைப் பார்த்து ஆளை எடுக்கறாங்க.

இன்னொண்ணு, ரெண்டு வேலை தெரிஞ்சவளுக்கு இடம் சீக்கிரம் கிடைக்கும். கொங்கடி த்ரிஷா 2025-ல 309 ரன் அடிச்சா, ஸ்காட்லாந்துக்கு எதிரா 110 நாட் அவுட், இந்தப் போட்டியிலேயே முதல் சதம். கூடவே 7 விக்கெட்! நீ வெறும் பேட்டரா இருந்தா இப்பவே ஆஃப் ஸ்பின்னோ கீப்பிங்கோ கத்துக்க.

ராயபுரம், ஒரு அப்பா: தமிழ்நாட்டுப் புள்ளைங்களை ஒதுக்குறாங்கன்னு சொல்றாங்களே மேடம் எல்லாம்?

2023 அணியில தமிழ்நாட்டுலேர்ந்து யாரும் இல்ல, அது உண்மை. ஆனா மாநிலத்துக்கு இத்தனைன்னு பங்கு எதுவும் கிடையாதுங்க. மாநில அண்டர் 19 போட்டியில ரன்னும் விக்கெட்டும் கண்ணுல படணும். அதுலேர்ந்து நல்லா ஆடுனவங்களை அணி அணியா பிரிச்சு ஆட வைக்கிற சேலஞ்சர் டிராஃபி, கேம்ப், அப்புறம்தான் இந்திய அணி. கமலினி அப்படித்தான் போனாங்க. மதுரைப் பொண்ணு, இடது கை பேட்டர், கீப்பரும் கூட. 2024 டிசம்பர்ல நடந்த பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்துல 16 வயசுலயே மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடிக்கு எடுத்தாங்க. உலகக் கோப்பை செமி ஃபைனல்ல இங்கிலாந்துக்கு எதிரா 56 நாட் அவுட். கேரளாவுலேர்ந்து வயநாட்டுப் பொண்ணு ஜோஷிதாவும் அதே அணியில இருந்தாங்க. அரசியல் அரசியல்னு வீட்டுல பேசிப் பேசி, புள்ளையே அதை நம்பிப் பிராக்டிஸுக்குப் போகாம விட்டுடுது. எனக்கு அதுதான் கோவம்.

காசிமேடு, 14 வயசு: ரப்பர் பால்ல எங்க தெரு பசங்களை எல்லாம் அவுட் பண்ணிடுவேன் அக்கா. போதுமா?

கை வேகம் இருக்குல்ல, அது நல்லது. ஆனா லெதர் பாலுக்கு இந்த வருஷமே மாறிடு. பொம்பளைங்க ஆடற பந்து 140-லேர்ந்து 151 கிராம், ஆம்பளைங்க பந்து 156-க்கு மேல. கடைக்குப் போனா பெண்கள் பந்துன்னு கேட்டு வாங்கு, பெரிய பந்தைத் தலையில கட்டிடுவாங்க. ரப்பர் பால்ல சீம், அதாவது தையல் கிடையாது, விரல் அதைப் பிடிச்சுப் பழகவே மாசக்கணக்காகும்.

வியாசர்பாடி, ஒரு அண்ணன்: நம்ம ஏரியா ஃபுட்பால் ஏரியா. தங்கச்சி எங்க போய் ஆடறது?

கிரவுண்டுல பசங்க இடம் விடமாட்டாங்க, தெரியும். ரோத்தக்ல ஷஃபாலியே முடியை வெட்டிக்கிட்டு பசங்களோட ஆடுனவங்கதான். அந்தப் பொண்ணு 2024-ல நம்ம சேப்பாக்கத்துல டெஸ்ட் ஆடி 205 அடிச்சுது. தங்கச்சி பசங்க நெட்ல ஆடட்டும், நீங்க ஒரு மாசம் கூடப் போய் நில்லுங்க. கேரம்ல காசிமா உலகப் பட்டம் வாங்குனது இதே வடசென்னையிலேர்ந்துதானே? மத்ததெல்லாம் தானா வழிக்கு வரும்.

எம்.கே.பி. நகர்: ஸ்டாண்ட்பைன்னு மாத்து ஆளா 3 பேர் போடறாங்களே, அவங்க ஆடுவாங்களா?

15 பேர்ல யாருக்காவது அடிபட்டு, உலக கிரிக்கெட் அமைப்பான ஐசிசியோட டெக்னிக்கல் கமிட்டி ஒத்துக்கிட்டா மட்டும்தான். வெளியே போனவங்க நினைச்சபடி திரும்ப வர முடியாது.

பழைய வண்ணாரப்பேட்டை: சின்ன நாடெல்லாம் சேர்த்து 16 அணி. நமக்கு எல்லாமே ஈஸி மேட்ச்தானே?

சமோவா 2025-ல தென்னாப்பிரிக்காகிட்ட 16 ரன்னுக்கு ஆல் அவுட், அதுவும் இருக்கு. அதே போட்டியில மழையால 13 ஓவரா குறைஞ்ச மேட்ச்ல நைஜீரியா, நியூசிலாந்தை 2 ரன்ல ஜெயிச்சுதே! 2023-ல ருவாண்டா வெஸ்ட் இண்டீஸைத் தோக்கடிச்சுது. டி20-ல யாரையும் லேசா எடுக்கக் கூடாது.

திருவொற்றியூர், ஒரு அம்மா: டிரையலுக்கு என்ன பேப்பர் வேணும்? பொண்ணுக்கு 13 வயசு.

முதல்ல பிறப்புச் சான்றிதழ். பொறந்து ஒரு வருஷத்துக்குள்ள பதிவு பண்ணியிருந்தா பிரச்சனை இல்ல. அதுக்கு மேல லேட்டா பதிவு பண்ணதுன்னா அதிகாரி உத்தரவு இருக்கும், அந்தக் காப்பியையும் பத்திரமா வைங்க. ஆதார், ஸ்கூல் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூணுலயும் தேதியும் பேர் எழுத்தும் ஒண்ணா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. இனிஷியல் ஒண்ணு மாறியிருந்தாலும் இழுத்தடிப்பாங்க. சின்ன வயசு பிரிவுல எலும்பு வயசு எக்ஸ்ரே எடுப்பாங்க, பயப்படாதீங்க, மணிக்கட்டுல ஒரு படம் அவ்வளவுதான். வயசைக் குறைச்சு எழுதலாம்னு யாராவது யோசனை சொன்னா, அந்த ஆள்கிட்ட புள்ளையை விடாதீங்க.