பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் சுயநலத்தை நியாயப்படுத்தியவர்தானே?

இல்லை. பி.ஏ. பொருளாதாரம் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். அவரவர் தம் லாபத்தைத் தேடினாலும் அது ஊருக்கே நன்மையாக முடியும் என்று அவர் சொன்ன 'கண்ணுக்குத் தெரியாத கை' பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் தங்கள் ஆதாயத்தைப் பார்ப்பதால்தான் நமக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று எழுதிவிட்டு வருவோம். வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் 1776இல் வெளிவந்த அவருடைய 'நாடுகளின் செல்வம்' நூலை முழுதாகப் படித்தேன். அவ்வளவு தடித்த நூலில் அந்தக் கை ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது.

என்னை நிறுத்திவைத்தது வேறோர் இடம். ஐந்தாம் பகுதியில் வரிகளைப் பற்றி எழுதும்போது, அத்தியாவசியப் பொருள் எது என்று விளக்குகிறார். உயிரைப் பிடித்துவைப்பது மட்டுமல்ல, எது இல்லாவிட்டால் அந்த நாட்டு வழக்கப்படி ஏழைக்கும் மானக்கேடோ அதுவும் அத்தியாவசியம் என்கிறார். கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் துணி இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில், மரியாதையாகப் பிழைக்கும் கூலியாள் லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவார். தோல் காலணியும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஆண், பெண் இருவருக்கும் அது வேண்டும். ஸ்காட்லாந்தில் அடித்தட்டு ஆண்களுக்கு வேண்டும், பெண்கள் வெறுங்காலோடு நடந்தால் யாரும் குறைவாக நினைப்பதில்லை. பிரான்சில் இருவருக்குமே கட்டாயமில்லை.

என் அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்று எப்போதும் ஆணியில் தொங்கும். பேங்குக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ போகிற நாளில் மட்டும் அதைப் போட்டுக்கொள்வார். திரும்பி வந்ததும் வியர்வை காய அதைக் கொடியில் விரித்துவிடுவார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது அந்தச் சட்டைதான் என் கண்முன் நின்றது. வறுமை வயிற்றில் மட்டும் இல்லை என்பதை ஒரு வரி விதிப்பு அத்தியாயத்தில் எழுதியவரைச் சுயநலத்தின் வக்கீல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடிப்படையில் அவர் அறவியல் ஆசிரியர். 1723இல் ஸ்காட்லாந்தின் கிர்கால்டியில் பிறந்தார். பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட, தாய் மார்கரெட் வளர்த்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியராக இருந்தபோது, 1759இல் எழுதிய முதல் நூல் 'அறவுணர்வுகளின் கோட்பாடு'. மனிதன் எவ்வளவு சுயநலக்காரனாக இருந்தாலும், பிறர் வாழ்வில் அக்கறை கொள்ளவைக்கும் ஏதோ ஒன்று அவன் இயல்பிலேயே இருக்கிறது என்றுதான் அந்த நூல் தொடங்குகிறது. நம் செயலை நமக்குள் இருந்தே பாரபட்சமின்றிப் பார்க்கும் ஒரு பார்வையாளரைப் பற்றி அதில் விரிவாகப் பேசுகிறார்.

வியாபாரிகளை அவர் கண்மூடி நம்பவும் இல்லை. ஒரே தொழில் செய்பவர்கள் கூடினால் பேச்சு மக்களுக்கு எதிரான சதியிலோ விலையேற்றும் தந்திரத்திலோ முடியும் என்று எழுதினார். கூலியை உயர்த்தக் கூடாது என்று முதலாளிகள் எங்கும் எப்போதும் சத்தமில்லாமல் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 குண்டூசிகள் செய்வதை வியந்து பாராட்டிய அதே மனிதர்தான், வாழ்நாள் முழுதும் ஓரிரு வேலையையே செய்பவரின் அறிவு மழுங்கிப்போகும், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்றும் எழுதினார். பாடப்புத்தகங்கள் முன்பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

1790இல் அவர் இறந்தார். அதே ஆண்டு வெளிவந்த முதல் நூலின் ஆறாம் பதிப்பில் ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்திருந்தார். பணக்காரரை வியப்பதும் ஏழையை அலட்சியம் செய்வதும் நம் அறவுணர்வையே கெடுக்கின்றன என்பதுதான் அதன் பொருள்.

நீங்கள் படிப்பதாக இருந்தால், 'நாடுகளின் செல்வம்' நூலில் கூலியைப் பற்றிய முதல் பகுதியின் எட்டாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். பெரும்பான்மையோர் ஏழைகளாகத் துன்பப்படும் சமுதாயம் செழிப்பானதாக இருக்க முடியாது என்று அவர் சொல்வது அங்கேதான்.