வேட்டை ரைபிள் தோட்டாவுக்கு வீட்டிலேயே மருந்து நிரப்புபவர்கள் எந்த வெடிமருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

"பவர் அதிகமான மருந்து எது" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன், இல்லையென்றால் கடந்து போயிருப்பேன்.

நீங்கள் வெளிநாட்டில், லைசென்ஸோடு, சட்டப்படி வேட்டைக்குப் போகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி அந்தப் பேச்சே கிடையாது, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நான் வேட்டையை ஆதரிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நீலகிரியில் பிறந்தவன், என் வாழ்க்கையில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் மருந்து என்றால் என்ன என்று தெரியும். அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரியில் அப்பா 31 வருடம், நான் 28 வருடம். உள்ளே நடப்பதை எழுத மாட்டேன், கேட்கவும் வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் வெளியே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

1968-ல் எனக்குப் பதிமூன்று வயது. கட்டபெட்டுப் பக்கம் பெரியப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் உருளைக்கிழங்கு. ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் காலையில் பாத்தி முழுக்க உழுது போட்டது மாதிரி கிடக்கும். அதற்காகவே லைசென்ஸ் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் அடைத்து, குண்டு போட்டு, கம்பியால் இடிப்பது. மருந்து அளக்க ஒரு மூங்கில் குப்பி, அவருடைய அப்பா காலத்திலிருந்து அதே குப்பிதான்.

அந்த வருடம் கருமருந்து கிடைக்கவில்லை. ஊருக்குப் போன ஒரு எஸ்டேட் துரை விட்டுவிட்டுப் போன பழைய .303 ரைபிள் தோட்டாக்கள் சில யாரிடமிருந்தோ அவர் கைக்கு வந்தன. குண்டைப் பிடுங்கி எடுத்தால் உள்ளே பொடி இல்லை, சேமியா மாதிரி பழுப்பு நிறத்தில் மெல்லிய குச்சிகள், ஒரு கட்டாக. அதுதான் கார்டைட். பெரியம்மாவின் அரிவாள்மனையில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மூங்கில் குப்பியால், அதே அளவு அளந்து போட்டார். அப்பா அன்று ராத்திரி ஷிஃப்ட், வீட்டில் இருந்திருந்தால் குப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பார். தினமும் தீப்பெட்டி சோதனை முடிந்து வேலைக்குள் போகிறவர், நாங்களோ அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தோம்.

சுட்டபோது வெடி குழல் வாய் வழியாகப் போகவில்லை, குழலின் பின்பக்கம் கிழிந்தது. இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. ஒரு கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியது. சாகும்வரை டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, கும்பிடுகிற மாதிரித்தான் குடிப்பார்.

அவர் போட்டது "பவர் அதிகமான" மருந்துதான். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம். கார்டைட்டில் நைட்ரோகிளிசரினும் பஞ்சு வெடிமருந்தும். எடைக்கு எடை பல மடங்கு சக்தி, அதுவும் எஃகுக் குழலுக்கென்று செய்தது. நாட்டு இரும்பு அதைத் தாங்காது.

இப்போது உங்கள் கேள்வி. மருந்தில் பார்க்க வேண்டியது எரியும் வேகம். பிஸ்டலுக்கும் ஷாட்கன்னுக்கும் சட்டென்று எரிவது, ரைபிளுக்கு மெதுவாக எரிவது, தோட்டாக் கூடு பெரிதாகி குண்டின் கனமும் கூடினால் இன்னும் மெதுவானது. என் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவில் இருக்கிறான், அங்கே கடமான் வேட்டைக்கு அனுமதி உண்டு (நம் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்ட கடமான்தான்). ".308-க்கு என்ன மாமா போடலாம்?" என்று அவனும் கேட்டான் (.308, .30-06 என்பவை ரைபிள் தோட்டா வகைகள்). அங்கே தயாராகும் ஏ.ஆர். 2208 என்ற மருந்தைப் பலரும் .308-க்குப் போடுகிறார்கள், அமெரிக்காவில் அதே மருந்து வார்கெட் என்ற பெயரில் விற்கிறது. .30-06-க்குக் கொஞ்சம் மெதுவான ஏ.ஆர். 2209. இவை வெயிலிலும் குளிரிலும் அவ்வளவாக மாறாது. பழைய கார்டைட் அப்படியில்லை, சூட்டில் அழுத்தம் ஏறும். அதனால்தான் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு வரும் பெரிய ரைபிள்களுக்கு மருந்தைக் குறைத்து டிராபிக்கல் தோட்டா என்று தனியாகவே செய்தான். ஊட்டிக் குளிரில் சரியாக இருந்தது மசினகுடி வெயிலில் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹாட்ஜ்டன், ஐ.எம்.ஆர். என்று இரண்டு மருந்து பிராண்ட் உண்டு, ஹாட்ஜ்டன் 4350 வேறு, ஐ.எம்.ஆர். 4350 வேறு, ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது. மருந்து செய்பவர்களே அளவுப் புத்தகம் போடுகிறார்கள், அதில் உங்கள் தோட்டா, உங்கள் குண்டின் எடை இரண்டுக்கும் நேராக உள்ளதை மட்டும் எடுங்கள். தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, தராசில் எடை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மருந்தைக் கிரெய்ன் என்ற சின்ன எடையில்தான் அளப்பார்கள், ஒரு கிராமுக்கு 15.4 கிரெய்ன், அரை கிரெய்ன் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புத்தகத் தொடக்கத்துக்குக் கீழே குறைத்தால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம், மெதுவான மருந்தைக் கூட்டில் பாதி போட்டாலும் ஆபத்து வரலாம். கூடு ஏறக்குறைய நிறையும் மருந்தாக எடுத்தால், ஞாபகமறதியில் இரண்டு முறை கொட்டினாலும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

     

தங்கை மகன் போன மாதம் வீடியோ காலில் மேஜையைக் காட்டினான். லேபிள் உரிந்த ஒரு டப்பாவில் பாதி மருந்து இருந்தது. "2208-ஆகத்தான் இருக்கும் மாமா, பார்த்தாலே தெரியுது" என்றான். எனக்கு அரிவாள்மனை கண் முன்னால் வந்து நின்றது. வெளியே போய்த் தோட்டத்து மண்ணில் பரவலாகத் தூவு, நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் போனை வைத்தேன்.